கையும் களவும், ஆறு வரிசை மிளகாயும்

செப்டம்பர் 4

சம்பந்தியம்மாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க வேண்டுமாம். தொடங்கிவிட்டேன்.

கடிதம் எழுதச் சொன்னது உங்கள் மகள்தான். போன வாரம் நாம் இருவரும் போனில் பேசிக்கொண்டது பக்கத்துத் தோட்டம் வரைக்கும் கேட்டதாம். என் கையிலிருந்து போனைப் பிடுங்கி வைத்துவிட்டு, "அத்தை, இனிமே நீங்களும் எங்கம்மாவும் எதுவா இருந்தாலும் எழுதிப் பேசிக்குங்க. எழுதறப்போ குரல் ஏறாது" என்றாள். மருமகள் சொல்லைக் கேட்கும் மாமியார் ஊரில் நான் ஒருத்திதான் இருப்பேன். அதையாவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூலை மாதம் உங்கள் பண்ணையிலிருந்து மிளகாய் நாற்று வந்தது. சம்பந்தி வீட்டு நாற்று என்று வேறு எங்கும் விசாரிக்காமல் தோட்டம் முழுக்க அதையே நட்டோம். இப்போது போய்ப் பார்த்தால், சரியாக அலசாத சாயத்துணி மாதிரி இலையெல்லாம் கரும்பச்சையும் வெளிர்பச்சையுமாகத் திட்டுத் திட்டாகக் கிடக்கிறது. பூ நிற்கவில்லை. நின்ற பூவிலும் காய் கோணல் மாணலாக வருகிறது. ஓரத்தில் இன்னும் சில செடிகளில் இலை படகு மாதிரி மேலே மடிந்துவிட்டது.

நாற்றிலேயே கோளாறு என்று சொன்னால் உங்களுக்குக் கோபம் வருகிறது. வேறு எதில் கோளாறு என்று நீங்களே சொல்லுங்கள். நேரில் பார்த்தால்தான் நம்புவீர்கள் என்று ஒரு கொத்து இலையை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் மாமியார்


செப்டம்பர் 9

சம்பந்தியம்மாவுக்கு,

உறையைப் பிரித்ததும் உங்கள் இலை என் மடியில் விழுந்தது. நாற்றுப் பண்ணை வைத்திருப்பவளுக்கு நோய்ப்பட்ட இலையைத் தபாலில் அனுப்புவது, பஞ்சு வியாபாரிக்குக் கொள்ளிக்கட்டையைப் பரிசாக அனுப்புவது போல. இலை அடுப்புக்குப் போய்விட்டது. நான் குளித்துவிட்டு, உடுத்தியிருந்த புடவையைத் துவைக்கப் போட்டுவிட்டு, அதன் பிறகுதான் கடிதத்தைப் படித்தேன்.

உங்களுக்குத் தந்த அதே விதை, அதே குழித்தட்டு, அதே நாளில் போட்ட நாற்றை இங்கே மூன்று பேர் வாங்கிப் போனார்கள். மூன்று தோட்டத்தையும் நேற்று நடந்தே போய்ப் பார்த்தேன். செடி இடுப்புயரம் நிற்கிறது. ஒரு இலையில் ஒரு திட்டு இல்லை. நாற்று வளர்க்கிற என் வலைக்குடிலுக்கு இரட்டைக் கதவு, கொசுகூட நுழையாத வலை. உள்ளே போகிறவர்கள் காலைக் கழுவிக்கொண்டுதான் போக வேண்டும். என் வீட்டுச் சமையலறைக்குக்கூட அந்தச் சட்டம் கிடையாது.

உங்கள் வேலியோரம் தக்காளி நிற்கிறதா? போன தடவை வந்தபோது பார்த்த ஞாபகம். செடியை லேசாகத் தட்டிப் பாருங்கள். மாவு பறப்பது போல வெள்ளையாகப் பறந்தால் அது வெள்ளை ஈ. படகு மாதிரி மடிவது அது பரப்புகிற இலைச் சுருட்டை நோய். காரணம் அங்கே இருக்கிறது. என் பண்ணையில் இல்லை.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லுங்கள். அவர் மீது எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் மகனின் மாமியார்


செப்டம்பர் 15

சம்பந்தியம்மாவுக்கு,

தக்காளியைத் தட்டினேன். பறந்தது. தக்காளியைப் பிடுங்கிப் போட்டாயிற்று. பசை தடவிய மஞ்சள் அட்டை நாலைந்தை ஓரத்தில் கட்டியிருக்கிறோம், ஈ வந்து ஒட்டுகிறது. இந்த ஒன்றில் நீங்கள் சொன்னது சரி. எழுத்திலேயே ஒப்புக்கொள்கிறேன், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அது ஓரத்தில் இருபது செடியோடு முடிந்த கதை. நடுத் தோட்டத்துக் கதை வேறு. பயிர் டாக்டரம்மா வந்திருந்தார். பெரிய தொப்பி போட்டிருந்த சின்னப் பெண். குனிந்து குனிந்து பார்த்துவிட்டு, "இது தேமல் நோய்மா. இதைப் பூச்சி கொண்டு வராது. கை கொண்டு வரும்" என்றார்.

"யார் கை?" என்று கேட்டேன்.

"புகையிலை தொட்ட கை. புகையிலைச் செடிக்கு வர்ற வைரஸ்தான் இது. காஞ்ச இலையில, சுருட்டுல எல்லாம் வருஷக்கணக்காக் கிடக்கும். சுருட்டுப் பிடிச்ச கையோட நாத்தைத் தொட்டாப் போதும், ஒட்டிக்கும். உங்க வீட்டுல யாருக்காவது பழக்கம் இருக்கா?"

நான் தலை நிமிர்ந்து சொன்னேன்: "எங்க வீட்டுலயா? இவர் விட்டு ஆறு வருஷம் ஆச்சு. என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கார்." பக்கத்தில் நின்ற இவரும், மழை வருமா என்று வானத்தைப் பார்த்தபடியே, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

ஆகவே கை எங்கள் கை இல்லை. நாற்று எங்களிடம் வருவதற்கு முன்னால் தொட்ட கை யாருடையது என்று நீங்கள்தான் விசாரிக்க வேண்டும். இதற்கு மருந்து கிடையாதாம். பிடுங்கிப் புதைக்கத்தான் வேண்டுமாம். காய்க்கிற பருவத்தில் செடியைப் பிடுங்குவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் ஊர் விவசாயிகள் சங்கத் தலைவரும் வந்து பார்த்தார். நாற்று எங்கே வாங்கியது என்று கேட்டார். சொன்னேன். எனக்குப் பொய் சொல்ல வராது.

உங்கள் மகளின் மாமியார்


செப்டம்பர் 19

சம்பந்தியம்மாவுக்கு,

உங்களுக்குப் பொய் சொல்ல வராததால் நடந்தது என்னவென்று கேளுங்கள். உங்கள் சங்கத்தார் இந்தப் பருவத்துக்குச் சொல்லியிருந்த நாற்றை வேண்டாம் என்றுவிட்டார்கள். பாதிக் குடில் அவர்களுக்காகப் போட்டது. குழித்தட்டில் நாற்று நடுகிற வயதுக்கு வந்து நிற்கிறது. நாற்று யாருக்காகவும் காத்திருக்காது. இன்னும் நாலு வாரம் போனால் அது வெறும் களை.

நேற்றுக் காலையில் நான் செய்ததை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. என்னிடம் வேலை செய்கிற பெண்கள் அத்தனை பேரையும் வரிசையாக நிற்க வைத்து, ஒவ்வொருத்தி கையையும் முகர்ந்து பார்த்தேன். எல்லாரிலும் மூத்தவள், இந்தப் பண்ணை தொடங்கிய நாளிலிருந்து என்னோடு இருக்கிறவள், "என் கையில வெங்காய வாசனைதான் வரும். அதுக்கும் நோய் இருக்கா?" என்று கேட்டாள். அன்று முழுக்க நான் போட்டுக் கொடுத்த தேநீரையும் தொடவில்லை.

எங்கள் வீட்டு மனுஷரும் மகள் கல்யாணத்தோடு அந்தப் பழக்கத்தைத் தலைமுழுகிவிட்டார். இப்போது வாய்க்குப் புதினா மிட்டாய்தான். பை நிறைய வைத்திருக்கிறார். குழித்தட்டுப் பக்கம் அவரை நான் விடுவதும் இல்லை. தண்ணீர் தெளிக்கச் சொன்னால் குளிப்பாட்டிவிடுவார்.

இதற்கு மேல் நாம் எழுதிக்கொள்ள ஒன்றும் இல்லை என்று நினைக்கிறேன். என் மகளை மட்டும் இந்தப் பேச்சில் இழுக்காதீர்கள்.

உங்கள் மகனின் மாமியார்

பின்குறிப்பு: நோய் வந்த செடியெல்லாம் சிதறிக் கிடக்கிறதா, சேர்ந்து நிற்கிறதா? நாற்றோடு வந்த நோய் என்றால் தோட்டம் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிய வேண்டும். என் மனசு கேட்காததால் கேட்கிறேன். பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.


செப்டம்பர் 26

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை உங்கள் மகள்தான் முதலில் படித்தாள். படித்து முடித்ததும் பழைய சிவப்புத் துணி ஒன்றைக் கிழித்தாள், கையுறை மாட்டினாள், ஒரு கட்டுக் குச்சியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டாள். தேமல் கண்ட ஒவ்வொரு செடிக்குப் பக்கத்திலும் சிவப்புத் துணி கட்டிய குச்சி ஒன்றை நட்டாள். நேற்று வெயில் இறங்கியதும், "அத்தை, மாடிக்கு வாங்க" என்று கூப்பிட்டாள்.

மேலிருந்து பார்த்தேன். கோடு போட்டது போல ஆறு வரிசை. நடுவில் ஆறு வரிசை மட்டும் தலையிலிருந்து கால் வரை சிவப்பு. இந்தப் பக்கமும் ஒன்றுமில்லை, அந்தப் பக்கமும் ஒன்றுமில்லை.

"அத்தை, பூச்சி இப்படி அளந்து நடக்குமா?" என்றாள்.

நடக்காது. நட்டவர்தான் இப்படி நடப்பார். அந்த ஆறு வரிசையை நட்டது யார் என்று யோசித்தேன். அன்றைக்கு ஆள் போதவில்லை. நாற்று வண்டியோடு வந்திருந்த உங்கள் வீட்டுக்காரரும் எங்கள் வீட்டுக்காரரும், "நாங்க ரெண்டு பேரும் நடுவுல ஆறு வரிசை பிடிச்சுக்கறோம்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். சம்பந்திகள் இருவரும் சேர்ந்து நடுகிறார்களே என்று எனக்கு அவ்வளவு பெருமை. நடுநடுவே மோட்டார் பார்க்கப் போகிறோம் என்று இருவரும் பம்ப் அறைக்குப் போனார்கள். திரும்பி வந்து நட்டார்கள். மறுபடி மோட்டார் பார்க்கப் போனார்கள்.

இது வரைக்கும் இன்று மத்தியானம் எழுதியது. இதை எழுதும்போதே கை நின்றுவிட்டது. பேனாவை மூடி வைத்துவிட்டுப் பம்ப் அறைக்குப் போனேன்.

சுவிட்சுப் பெட்டிக்கு மேலே, விட்டத்தின் இடுக்கில், ஒரு பிஸ்கட் டப்பா. உள்ளே சுருட்டு. பக்கத்திலேயே தீப்பெட்டி. நான் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். மனுஷர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே உள்ளே வந்தார். என்னைப் பார்த்ததும் பாட்டு நின்றது.

"என்ன இந்தப் பக்கம்?" என்றேன்.

"மோட்டார் பாக்க வந்தேன்."

"எப்படி ஓடுது?"

"நல்லா ஓடுது."

"கரண்டே இல்லையே."

அதற்கு மேல் அவருக்கு ஓடவில்லை. டப்பாவை எடுத்து மடியில் வைத்தேன். "ஆறு வருஷமாவா?" என்றேன். "அஞ்சரை" என்றார். முதல் ஆறு மாதம் உண்மையாகவே விட்டிருந்தாராம். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை வேறு. நான் எழுந்ததும், "நான் மட்டும்னு நெனைக்காதே. சம்பந்தியும்தான். ஒரே சுருட்டைப் பாதி பாதியாத்தான் பிடிச்சோம்" என்றார்.

ஆக, ஓரத்தில் இருந்தது சுருட்டை நோய். நடுவில் இருப்பது சுருட்டு நோய்.

உங்கள் நாற்றில் ஒரு குறையும் இல்லை. ஊரெல்லாம் நான் சொன்னதை எப்படித் திருப்பி வாங்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் மகளின் மாமியார்


செப்டம்பர் 30

சம்பந்தியம்மாவுக்கு,

நான் எதுவும் கேட்கவில்லை. உங்கள் கடிதத்தை இவர் கையில் கொடுத்து, "கண்ணாடி எங்க வெச்சேன்னு தெரியல, கொஞ்சம் சத்தமாப் படிங்க" என்றேன். நன்றாகத்தான் படித்துக்கொண்டு வந்தார். மோட்டார் வந்த இடத்தில் குரல் இறங்கியது. "சம்பந்தியும்தான்" என்ற இடத்தில் கை தானாகப் புதினா மிட்டாய்ப் பைக்குள் போனது. நிமிர்ந்து என்னைப் பார்த்து அவர் கேட்ட முதல் வார்த்தை என்ன தெரியுமா? "காட்டிக் குடுத்துட்டாரா?"

அப்புறம் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கோபப்பட வேண்டும் என்று ஆன மட்டும் பார்த்தேன், வரவில்லை. கையும் களவுமாகப் பிடிபடுவார்கள் என்பார்களே, இங்கே கைதான் களவையே காட்டிக்கொடுத்திருக்கிறது. தென்னைநார்த் தூள் மூட்டைக்குப் பின்னாலிருந்து தன் சுருட்டு டப்பாவை அவரே எடுத்து வந்து கொடுத்தார். அது உங்கள் வீட்டு டப்பாவைவிடப் பெரிது. சம்பந்தி வீட்டுக்குக் குறைந்தவர்கள் இல்லை நாங்கள்.

இங்கேயும் ஒரு பயிர் டாக்டரை வரவழைத்து எல்லாத் தட்டையும் பார்க்கச் சொன்னேன். சுத்தம் என்றார். அதன் பிறகு என் பெண்கள் முன்னால் போய் நின்றேன். மூத்தவளிடம் என் இரண்டு கையையும் நீட்டி, "இப்ப நீ மோந்து பாரு" என்றேன். அவள் நிஜமாகவே குனிந்து, நிதானமாக முகர்ந்து, மற்றவர்களைத் திரும்பிப் பார்த்து, "உப்புக் கம்மி" என்றாள். குடிலே சிரித்தது. தேநீரும் குடித்தாள்.

அந்த ஆறு வரிசையைப் பிடுங்கும்போது கவனம். நல்ல செடியில் செய்ய வேண்டிய வேலையை முதலில் முடித்துவிட்டுக் கடைசியில்தான் அங்கே கை வைக்க வேண்டும். வேரோடு எடுத்துத் தூரத்தில் புதையுங்கள். இந்தப் பருவத்தில் அங்கே மிளகாய் வேண்டாம், மக்காச்சோளம் போடுங்கள். அதை இந்த நோய் தொடாது. கிணற்றுக்கு மேற்கே ஒரு துண்டு நிலம் சும்மாதானே கிடக்கிறது? அதற்கு நான் நாற்றுத் தருகிறேன்.

மற்ற நாற்று மட்டும் தட்டில் கால் நீட்டிக்கொண்டு நிற்கிறது. சங்கத்தாரிடமிருந்து பதில் இல்லை. அதைப் பற்றி நீங்கள் மனசைப் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் மகனின் மாமியார்


அக்டோபர் 5

சம்பந்தியம்மாவுக்கு,

மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை. நேற்றுச் சங்கக் கூட்டம். உங்கள் வீட்டுக்காரர் இதற்குள் வீடு வந்து ஏதாவது கதை சொல்லியிருப்பார். அதை நம்ப வேண்டாம். நடந்தது இதுதான்.

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே அவரையும் இவரையும் ஜோடியாக முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டேன். தலைவர், "மிளகாயில் தேமல் பரவுது, எந்தப் பண்ணை நாத்து வாங்கறோம்னு எல்லாரும் ஜாக்கிரதையா..." என்று மைக்கில் ஆரம்பித்தார். நான் எழுந்து, "ஐயா, அதுக்கு முன்னாடி எங்க வீட்டு ஆம்பளைங்க ரெண்டு பேரும் ஒரு விஷயம் சொல்லணும்" என்றேன்.

இவர் எழுந்து நின்றார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாத்து நல்ல நாத்து. கைதான் கெட்ட கை" என்றார். உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் முழித்தார்கள். பிறகு உங்கள் வீட்டுக்காரர் எழுந்து மோட்டார், பம்ப் அறை, பாதிச் சுருட்டு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். நன்றாகப் பேசுகிறார் சம்பந்தி. "என் மனைவி வளர்த்த நாத்துக்கு என்னாலேயே கெட்ட பேர் வந்துச்சு" என்று சொன்னபோது அவர் குரல் கொஞ்சம் தடுமாறியது. அதை அவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார், அதனால் நான் எழுதுகிறேன்.

அதன் பிறகு பயிர் டாக்டரம்மா நோயைப் பற்றி விளக்கிச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். தன் கணவனைப் பார்த்து, "நம்ம தோட்டத்துல தேமல் வந்த நாலு வரிசையை நட்டது யாருங்க?" என்று கேட்டாள். அந்த மனுஷர் கை இரண்டையும் மெதுவாகக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

நான் திரும்பி மண்டபத்தைப் பார்த்தேன். சம்பந்தியம்மா, அந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பாதி ஆம்பளைகளின் கையைக் காணோம். சிலர் கை பையில், சிலர் கை தொடைக்கு அடியில், ஒருவர் தன் துண்டால் பொட்டலம் மாதிரி கட்டி வைத்திருந்தார். தலைவர் பாவம், மைக்கைப் பிடித்திருந்ததால் ஒளிக்க வழியில்லை. மைக்கை மேசையில் வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவருடைய மனைவி முன்வரிசையில்தான் இருந்தாள். "மைக் இல்லாமலே பேசுங்க, எனக்குக் கேக்கும்" என்றாள்.

அப்புறம் கூட்டம் எங்கே நடந்தது? மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. பெண்களெல்லாம் ஒன்றாகக் கூடி, உங்கள் நாற்று அத்தனையும் வேண்டும் என்று தலைவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். நடுவது மட்டும் தாங்களேதான் நடுவார்களாம்.

உங்கள் மகள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வழிய என் தோளில் சாய்ந்துவிட்டாள். இந்த ஒரு மாதமாக அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

உங்கள் மகளின் மாமியார்


அக்டோபர் 10

சம்பந்தியம்மாவுக்கு,

இவர் என்னிடம் சொன்ன கதையில் தான் பேசியதும் கூட்டம் கைதட்டியதாகத்தான் இருந்தது. நீங்கள் எழுதியது நல்லதாயிற்று. குரல் தடுமாறிய இடத்தை மட்டும் இன்னொரு முறை படித்தேன். அன்று ராத்திரி அவருக்குச் சாப்பாடு போடும்போது இன்னும் கொஞ்சம் வைத்தேன். ஏன் என்று கேட்டார், ரசத்தையும் ஊற்றினேன்.

முதல் வண்டி வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கிளம்புகிறது. உங்கள் மேற்குத் துண்டுக்கான நாற்றும் அதிலேயே வருகிறது. நடுகிறவர்கள் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவ வேண்டும். பிறகு ஆடை எடுத்த பாலில் கையை நனைத்துக்கொண்டு நட வேண்டும். அந்த வைரஸ் மேல் பால் போர்வை மாதிரி படிந்துவிடுமாம், அப்புறம் அது செடியில் ஒட்டாது என்கிறார் டாக்டர். நடும்போது ஈரம் காயக் காய மறுபடி நனைக்க வேண்டும். கைக்கு ஒரு பாத்திரம், தேநீருக்கு ஒரு பாத்திரம் என்று தனியாக வையுங்கள். இவரும் வண்டியோடு வருகிறார். இவர் எந்தப் பாத்திரத்தையும் எடுத்துக் குடித்துவிடுவார்.

உங்கள் வீட்டு டப்பாவை என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லையே. என்னுடையதில் இப்போது வெண்டை விதை இருக்கிறது.

என்னால் வர முடியவில்லை. இங்கே அடுத்த விதைப்பு. உங்கள் கையால் நாலு வரிசை எனக்காகவும் நடுங்கள்.

உங்கள் மகனின் மாமியார்


ஜனவரி 12

சம்பந்தியம்மாவுக்கு,

மேற்குத் துண்டில் நேற்று முதல் பறிப்பு. உங்கள் நாற்று என்பதால் சொல்லவில்லை, இப்படிக் காய்த்து நான் பார்த்ததில்லை. இலை தெரியாமல் காய். பச்சையில் ஒரு வரிசை, சிவப்பில் ஒரு வரிசை என்று செடியே அலங்காரம் பண்ணிக்கொண்டு நிற்கிறது. அந்தப் பக்கம் சோளமும் ஆளுயரம் வந்துவிட்டது. சங்கத்துத் தோட்டங்களிலும் இப்படித்தான் என்று பயிர் டாக்டரம்மா வந்து சொல்லிவிட்டுப் போனார்.

உங்கள் வீட்டுக்காரர் வந்ததும் இவருக்குத் தலைகால் புரியவில்லை. இருவரையும் பறிக்க விட்டேன். மூன்று மாதமாக இருவருமே சுத்தம், தொட்டுப் பார்க்கட்டும் என்றுதான். கையுறை போடுங்கள் என்று உங்கள் மகள் எத்தனையோ சொன்னாள். "மிளகாய் எங்களை என்ன பண்ணும்?" என்றார் சம்பந்தி. வெயில் ஏறுவதற்குள் மிளகாய் என்ன பண்ணும் என்று தெரிந்துவிட்டது. விரலெல்லாம் எரிச்சல். இவர் அந்தக் கையாலேயே நெற்றி வியர்வையைத் துடைத்தார். அவர் இவர் கண்ணை ஊதிவிடுகிறேன் என்று தன் கையால் இவர் முகத்தைப் பிடித்தார். இரண்டு பேரும் வரப்பில் நின்று ஆடிய ஆட்டத்தைப் பார்த்துப் பறிக்க வந்த பெண்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டார்கள்.

உங்கள் மகள் ஒரு பெரிய பாத்திரம் நிறையக் குளிர்ந்த மோர் கொண்டு வந்து வைத்தாள். இருவரும் மணிக்கட்டு வரை அதில் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். பார்த்துச் சிரித்துக்கொண்டே பறித்த எனக்கும் அப்போதுதான் கை காந்தத் தொடங்கியது. நானும் பாத்திரத்தில் கையை விட்டேன். பிறகு அவளும், உங்கள் மாப்பிள்ளையும். ஐந்து பேர், ஒரு பாத்திரம். ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். யாருக்கும் எழுந்திருக்க மனசு வரவில்லை. எனக்கு எதிர்ப்பக்கத்தில் மட்டும் பாத்திரத்தில் இடம் காலியாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டு உங்கள் மகள், "அங்க எங்கம்மா உக்காரணும்" என்றாள்.

அடுத்த பறிப்பு வருகிற வியாழக்கிழமை. விதைப்பை அந்த மூத்தவள் பார்த்துக்கொள்வாள். நீங்கள் புதன்கிழமை பஸ்ஸில் ஏறுங்கள்.

உங்கள் மகளின் மாமியார்